தாய்ச்சாவியின் மூன்றாவது துண்டு

தங்கை லுகுண்டோ தன் புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போனதிலிருந்து சிலேஷேயின் காதுக்குள் ஒரு கைப்பேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

லுகுண்டோ எந்த ஊரில் இருக்கிறாள் என்பது சிலேஷேயிக்குத் தெரியாது. மணிக்கட்டில் மாவுக்கட்டு, ஐந்து மாத வயிறு, தோளில் ஒரு துணிப்பை. அப்படியே பேருந்து நிலையத்தில் நின்று, "சொல்ல மாட்டேன்க்கா. உனக்குத் தெரிஞ்சா உன்கிட்டேருந்து பிடுங்கிடுவாங்க. தேடாத" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனவள்தான்.

சிலேஷே தேடவில்லை. தேடுகிறவர்களுக்கு வழி விடாமல் இருப்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

என்டோலா சாவி நிலையத்தில் அவள் இரண்டாவது அதிகாரி. சுற்றுவட்டார மருத்துவமனைகள் நோயாளிக்கு அனுப்பும் எந்தச் செய்தியும் பூட்டித்தான் போகும். பூட்டுவது சுலபம். நோயாளியின் கைப்பேசி எண்தான் பூட்டு. எண் தெரிந்த எந்தச் செவிலியும் பூட்டி அனுப்பிவிடலாம். திறக்கிற சாவி மட்டும் நிலையத்திலிருந்து வர வேண்டும். மாதத்துக்கொரு புதுச் சாவி, மனிதர் கண் படாமல் நேராக அந்தக் கைப்பேசிக்கே போய்ச் சேரும்.

வசதிதான். ஆனால் சாவி செய்கிற கைக்கு ஊரில் உள்ள எல்லாப் பூட்டும் திறந்த பூட்டு. அதை ஆரம்பித்த அன்றைக்கே பேசி, தாய்ச்சாவியை மூன்று துண்டாக வெட்டி மூன்று அட்டைகளில் வைத்தார்கள். ஒன்று இயக்குநர் கபாசோவிடம். ஒன்று சிலேஷேயிடம். இன்னொன்று லுவான்ஷியாவில் பேறுகாலச் செவிலியருக்குப் பள்ளி நடத்தும் மா ஜெரேயிடம். எந்த இரண்டு சேர்ந்தாலும் சாவி செய்யலாம். ஒற்றை அட்டையால் ஒன்றும் ஆகாது. மூன்று பேரும் அப்போது ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிறகு கபாசோவின் தம்பி யாம்பா நிலையத்து ஆண்டு விழாவுக்கு வந்தான். லுகுண்டோவும் வந்திருந்தாள்.

அவர்கள் இருவரின் கல்யாணத்தில் கால் வலிக்க ஆடினோம். மூன்றில் இரண்டு துண்டு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று இப்போது சிலேஷே நினைத்து நினைத்துப் புழுங்கினாள்.

"ஒரே ஒரு சாவி, முலாமு" என்று போன வெள்ளிக்கிழமை கபாசோ கேட்டார். சம்பந்தம் ஆனதிலிருந்து இருவருக்கும் அந்த முறைப் பெயர்தான். "எந்த ஆஸ்பத்திரிலேருந்து அவளுக்குத் தகவல் வருதுன்னு பாத்தா போதும். ஊர் தெரிஞ்சிடும். பெரியவங்க நாலு பேர் போய்ப் பேசிக் கூட்டிட்டு வந்துடலாம். யாம்பா சரியா சாப்பிடறதே இல்ல."

"அவ கைய உடைச்சது யாரு, முலாமு?"

"அது உள்வீட்டு விஷயம். அதையும் உள்வீட்டுலயே பேசுவோம்."

சிலேஷேயின் கண் அவருக்கு முன்னால் இருந்த காகிதங்களுக்குப் போனது. அவள் எழுதிக் கொடுத்த ஒரு யோசனை அவர் மேசையில் மாதக்கணக்காகக் கிடந்தது. சாவியில் பாதியை நிலையம் செய்யட்டும், மறுபாதியை அவரவர் கைப்பேசியே தனக்குள் செய்துகொள்ளட்டும். அப்போது நிலையமே நினைத்தாலும் ஒருவர் செய்தியைத் திறக்க முடியாது. கபாசோ அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நம்மள நம்பாம வேற யார நம்பப் போறாங்க?"

அந்தச் சிரிப்புதான் இன்று காலை அவளைக் கிளப்பியது.

மாதக் கடைசி நாள். நாளை முதல் தேதி, இரண்டு அட்டைகளையும் செருகி எல்லோருக்கும் புதுச் சாவி அனுப்பும் நாள். அதற்குள் மா ஜெரேயைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு துண்டுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் தாய்ச்சாவியைப் புதிதாக வெட்டலாம். பழைய துண்டுகளை அப்போதே அழித்துவிட்டால் கபாசோவின் அட்டை வெறும் அட்டையாகிவிடும்.

அட்டையை அவள் பெட்டிக்குள் ஒரு பழைய சிட்டேங்கே துணியில் சுற்றி வைத்திருந்தாள். எடுக்கும்போது கை ஒரு கணம் நின்றது. பூப்போட்ட பக்கம் உள்ளே போகிற மாதிரிதான் அவள் எப்போதும் மடிப்பாள். பூ வெளியே இருந்தது.

அட்டை உள்ளேயே இருந்தது. தரையில் மகள் முவிலா உட்கார்ந்து, சிலேஷே வகுப்பில் காட்டிப் பழக்க வைத்திருந்த வெற்று அட்டைகளைப் பரப்பி வங்கி நடத்திக்கொண்டிருந்தாள். இவள் வேலைதான் என்று சிலேஷே முதுகில் செல்லமாகத் தட்டினாள். அட்டை இடுப்புத் துணிக்குள் போனது.

"டீ போட்டிருக்கேன், பனாமுவிலா."

முவிலா பிறந்ததிலிருந்து மும்பா மனைவியை அப்படித்தான் கூப்பிடுகிறான், முவிலாவின் அம்மா. அவளுக்கு அவன் பஷிமுவிலா, முவிலாவின் அப்பா. சுரங்கத்து ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டுகிறவன். அடுப்படிப் பக்கம் வருகிறவன் அல்ல. இன்று அவித்த சர்க்கரைவள்ளியைத் தோல் உரித்துத் தட்டில் அடுக்கியிருந்தான்.

"இது என்ன புதுசா?"

"பொண்டாட்டி முகம் வாடிக் கெடக்கு. பாக்கச் சகிக்கல. எங்க கிளம்பிட்ட?"

"கிட்வேல வகுப்பு" என்றாள். பொய் சொல்வதற்கு நாக்கு கூசியது.

"வேண்டியதெல்லாம் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. குடித்தாள். இந்த மனுஷனிடம் கூடச் சொல்லாமல் போகிறோமே என்று தெருமுனை வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

லுவான்ஷியா மினிபஸ்ஸில் நசுங்கி உட்கார்ந்தாள். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. கண்ணாடியெல்லாம் புழுதி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தாள். கை இடுப்பை விட்டு நகரவில்லை.

"மடியில என்னம்மா, முட்டையா?" என்றான் நடத்துநர். "இப்படிப் பொத்திக்கிட்டு வரீங்க. உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல."

"முட்டைதான். நீ வண்டியப் பாத்து ஓட்டச் சொல்லு."

"ஓட்டறவன் வேற ஆளு. அவன் யார் சொன்னாலும் கேக்க மாட்டான்."

பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள். சிலேஷேயால் சிரிக்க முடியவில்லை. பின்னாலேயே ஒரு வெள்ளை வண்டி வந்துகொண்டிருந்தது. அது ஒரு பெட்ரோல் நிலையத்தில் திரும்பிப் போன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மா ஜெரே பள்ளி முற்றத்து மாமரத்தடியில் நாற்காலி போட்டு வறுத்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் வயது தாண்டியும் யாரும் அவரிடம் அதைச் சொல்லத் துணியவில்லை.

"யாரது? நடையப் பாத்தா குரங்குத்தின்னிக் கூட்டம் மாதிரி தெரியுது."

"எலி வறுக்கிற வாசனை வாசல் வரைக்கும் வந்துது, மா ஜெரே. அதப் புடிச்சிக்கிட்டே வந்துட்டேன்."

மா ஜெரே ங்கோனி இனம், சிலேஷே பெம்பா. ங்கோனிக்காரரும் பெம்பாக்காரரும் பார்த்தவுடன் இப்படி ஏசிக்கொள்ளாவிட்டால்தான் மனத்தாங்கல். சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள். மா ஜெரே கடலையை நீட்டினார். சிலேஷே வாங்கிக்கொண்டு, வாங்கிய கையை மூட மறந்து நின்றாள்.

அவர் அவள் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தார். வலது கண்ணில் புரை வெள்ளையாகத் தெரிந்தது. "உள்ள வா."

அறையில் சாவி வெட்டும் இயந்திரம் ஓர் ஓரமாக, பூ வேலை செய்த துணி போர்த்தி இருந்தது. சிலேஷே எல்லாவற்றையும் சொன்னாள். மா ஜெரே கடலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"சரி" என்றார் கடைசியில். "அவன வெளிய தள்ளணும்ங்கற. நீ உள்ளயே இருப்ப."

"நான் எதுக்கும் அதப் பயன்படுத்த மாட்டேன்."

"அவனும் முந்தி அப்படித்தான் சொன்னான். அந்தக் கல்யாணத்துல நானும்தான் சாப்பிட்டேன். கோழி உப்பா இருந்துது. அவன் மாப்பிள்ளைக்கு அண்ணன். நீ பொண்ணுக்கு அக்கா. நாளைக்கு உன் தங்கச்சி மனசு மாறி நீயே அவனோட ராசியானா? இல்ல, யாம்பா எங்க போறான் வரான்னு நீ பாக்கணும்னு நெனச்சா?"

"நெனக்க மாட்டேன்."

"ஒரு தடவகூட நெனச்சதில்லயா? அவ எங்க இருக்கான்னு பாத்துடலாம்னு?"

சிலேஷே கையில் இருந்த கடலையை மேசை மேல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. அவள் குனியவில்லை.

"தினமும் நெனக்கிறேன்" என்றாள். "வயிறு எப்படி இருக்கு, கை சேந்துதா, யார் சமைச்சுப் போடறாங்கன்னு ஒண்ணும் தெரியல. காலைல எழுந்தா அந்த அட்டையத்தான் மொதல்ல பாக்கறேன்."

"ஆங்." மா ஜெரேயின் குரல் இளகியது, சொல் இளகவில்லை. "அப்ப ரெண்டு பேரும் வெளிய போங்க. புதுசா வெட்டுவோம். மூணு துண்டும் மூணு புது ஆளுக்கு. ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருத்தர் போகாத ஆளா நான் பாத்து வெச்சிருக்கேன். யாருன்னு உனக்குச் சொல்ல மாட்டேன். என் துண்டும் போகும். எனக்கு இந்தக் கண்ண வெச்சிக்கிட்டு இது ஆகற வேலை இல்ல."

அட்டை இல்லையென்றால் இரண்டாவது அதிகாரிக்கு நிலையத்தில் நாற்காலி இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். லுகுண்டோ தானாக வந்து கதவைத் தட்டுகிற வரை அவளைப் பற்றி இனி ஒன்றுமே தெரிந்துகொள்ள வழியில்லை. உள்ளுக்குள் மூடி வைத்திருந்த ஒரே ஜன்னலும் போய்விடும்.

தேடாத என்றுதானே அவளும் சொன்னாள்.

"வெட்டுங்க" என்றாள் சிலேஷே.

மா ஜெரே துணியை விலக்கினார். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய தன் அட்டையை எடுத்து ஒரு வாயில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. சிலேஷே இடுப்பிலிருந்து எடுத்து அடுத்த வாயில் செருகினாள்.

விளக்கு எரியவில்லை.

துடைத்துவிட்டுச் செருகினாள். எரியவில்லை. திருப்பிப் பார்த்தாள். அதே நீலம், அதே அளவு. மூலையில் மட்டும் பேனாவால் கோணல்மாணலாக ஒரு பூ. முவிலாவின் வங்கியில் எல்லா அட்டையிலும் அந்தப் பூ உண்டு.

"இது வகுப்பு அட்டை" என்றாள். "வெற்று அட்டை."

"உன்னோடது?"

பூ வெளியே மடித்திருந்த துணி. தோல் உரித்த சர்க்கரைவள்ளி. வேண்டியதெல்லாம் எடுத்துக்கிட்டியா?

குழந்தை பெட்டியைத் திறக்கவே இல்லை.

அப்போது கைப்பேசி அடித்தது. இந்த முறை அது காதுக்குள் அடித்தது அல்ல.

"பனாமுவிலா, கோவப்படாத" என்றான் மும்பா.

சிலேஷே ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தாள். மா ஜெரே காதைச் சாய்த்தார்.

"அட்டை உங்ககிட்டயா இருக்கு, பஷிமுவிலா?"

"நல்லதுக்குத்தான் எடுத்தேன். யாம்பா என் வண்டில உக்காந்து சின்னப் புள்ள மாதிரி அழுதான். ஒரு குடும்பத்துல நாம இப்படி ஆளுக்கொரு பக்கம் நின்னா எப்படி? உன்ன இதுல இழுக்க வேணாம்னுதான் கேக்காம எடுத்தேன். எங்க இருக்கான்னு பாத்துட்டுச் சாயங்காலமே எடுத்த எடத்துல வெச்சிடலாம்னு இருந்தேன்."

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான். கபாசோகூட."

"நம்பர் போட்டீங்களா?"

அட்டைக்கு நான்கு இலக்க எண் உண்டு. மூன்று முறை தவறினால் உள்ளே இருக்கும் துண்டு கருகிவிடும்; யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

"ரெண்டு தடவ போட்டோம். முவிலா பொறந்த நாள். நம்ம கல்யாண நாள்." அவன் குரல் தணிந்தது. "ரெண்டும் இல்ல. அப்ப நான் எதுதான்னு நெனக்கிறது?"

அவளுக்கு அந்த நிலையிலும் அது சுருக்கென்றது. பதில் சொல்லுமுன் பின்னால் கபாசோவின் குரல் கேட்டது. நிதானமான குரல். அவசரப்படாத மனிதர்.

"லுகுண்டோ பொறந்த நாளக் கேளு. முலாமு அவள முதுகுல கட்டித் தூக்கி வளத்தவ. அதுவாத்தான் இருக்கும். நீ கேக்கக்கூட வேணாம், போடு."

அதுதான்.

அதேதான் எண். அம்மா பிரசவ வலியில் கிடந்தபோது சிலேஷே பள்ளிச் சீருடையோடு வாசலில் நின்ற நாள். அதைவிட மறக்காத நாள் அவளுக்கு வேறு இல்லாததால் வைத்தாள்.

மேசைக்கு அப்பாலிருந்து மா ஜெரேயின் நல்ல கண் சிலேஷேயைப் பார்த்தது. புரை விழுந்த கண் எதையும் பார்க்கவில்லை.

"இல்ல!" என்றாள் சிலேஷே. குரல் உயர்ந்துவிட்டது. இறக்கினாள். தோற்றுப்போனவள் மாதிரி இறக்கினாள். "இல்ல, பஷிமுவிலா. அதப் போடாதீங்க. இன்னொரு தடவ தப்பா போட்டா கருகிடும். என் வேலை போயிடும்."

"அப்பச் சொல்லிடு. உனக்கும் தங்கச்சியப் பாக்கணும்தானே?"

"பாக்கணும்." அது பொய்யில்லை, அதனால் குரல் தானாக உடைந்தது. "லுகுண்டோவோட கல்யாண நாள். தேதி, அப்புறம் மாசம்."

"பொறந்த நாள் இல்ல, கல்யாண நாளா?"

"அன்னிக்குத்தானே நாம எல்லாரும் ஒண்ணானோம்."

அந்தப் பக்கம் யாரோ தேதியை நினைவுபடுத்தினார்கள். விசை தட்டும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான்காவதும் கேட்டது.

"பனாமுவிலா" என்றான் மும்பா. "செவப்பா எரியுது. இது என்ன, செவப்பா எரியுது?"

கபாசோ ஏதோ கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை.

சிலேஷே இணைப்பைத் துண்டித்தாள்.  பிறகு தரையில் குனிந்து, முன்பு விழுந்த கடலையைப் பொறுக்கினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"செத்துதா?"

"செத்துது."

"புருஷன்கிட்ட சாமர்த்தியமா பொய் சொல்ற. குரங்கு மூளை சும்மா இல்ல" என்றார் மா ஜெரே. ஆனால் சிரிக்கவில்லை. தன் அட்டையை இயந்திரத்திலிருந்து உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "இப்ப இருக்கறது ரெண்டு துண்டு. ஒண்ணு அவன்கிட்ட. ஒண்ணு என் கழுத்துல. புதுசா வெட்டணும்னாலும் அவன் வேணும்."

"நாளைக்கு முதல் தேதி."

"ஆமா. அவனோட உக்காந்துதான் ஆகணும். இல்லன்னா இந்த வட்டாரத்துல ஒரு கர்ப்பிணிக்கும் ரத்த முடிவு போகாது, ஒருத்திக்கும் மருந்து மாத்தின தகவல் போகாது. உன் தங்கச்சி ஒருத்திக்காக அத்தன பேரையும் இருட்டுல விட மாட்டேன்."

"விடச் சொல்லல."

"என் அட்டை உள்ள இருக்கறப்ப அவன் விரல் எங்க போகுதுன்னு இந்தக் கண்ணு பாக்காது. நடுவுல ஒரு சாவிய அவன் வெளிய எடுத்துக்கிட்டான்னா எனக்குத் தெரியாது." மா ஜெரே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "என்ன நம்பாத. யாரையும் நம்ப வேணாம்னுதானே மூணா வெட்டினோம். நாளைக்கு நீ என் பக்கத்துல நிக்கணும். அட்டை இல்லாம, அதிகாரம் இல்லாம, சும்மா நின்னு திரையப் பாக்கணும்."

"உள்ள விட மாட்டாரு."

"அப்ப இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வா. செவிலியர் சங்கத்துக்காரிங்க எதுக்கு இருக்காங்க? பாக்கற கண்ணு கூடக் கூட அவன் விரலு தானா நேரா போகும்."

சிலேஷே யாரை முதலில் கூப்பிடுவதென்று எண்களை எடுத்தாள். வீட்டு எண் மேலே இருந்தது. அதைத் தாண்டிப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. முவிலாவைச் சாயங்காலம் யார் பள்ளியிலிருந்து கூட்டி வருவார்கள்? அந்த வீட்டுக்கு இன்று எப்படித் திரும்புவது?

அதற்குள் மா ஜெரேயின் கைப்பேசி அடித்தது. அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பெயரைப் படித்தார். எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, இருவருக்கும் நடுவில் மேசை மேல் வைத்தார். நீயும் கேள் என்பது போல் விரலால் தட்டிக் காட்டினார்.

"மா ஜெரே, வணக்கம்" என்றார் கபாசோ. குரல் பழைய நிதானத்துக்கு வந்துவிட்டிருந்தது. அதன் பின்னால் வண்டி ஓடும் இரைச்சல். "நாளைக்கு வரைக்கும் இழுக்க வேணாம்னு பாக்கறேன். புதுச் சாவிய இன்னிக்கே அனுப்பி முடிச்சிடலாம். லுவான்ஷியா ரோட்டுலதான் வந்துக்கிட்டிருக்கேன். நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

மா ஜெரே சிலேஷேயைப் பார்த்தார். சிலேஷே முற்றத்தைப் பார்த்தாள். இடைவேளைக்கு மணி அடித்து, செவிலிப் பெண்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்க" என்றார் மா ஜெரே. "தனியாவா? அத வந்து பாருங்க."

சிலேஷே ஏற்கனவே அந்தப் பெண்களைக் கூப்பிட வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.